டவுட்டு அண்ணன் ஒளித்துவைத்த கம்ப்யூட்டர்

டவுட்டு அண்ணன் அளவுக்குச் சந்தேகப்படுகிற ஜீவன் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வரை பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப்போவதுமில்லை. எங்கள் ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன், ஜூஜுவாடிக்காரர். கேன்டீன் டீயை அடுத்தவன் குடித்து ஐந்து நிமிடம் நன்றாக இருந்தால்தான் தானும் குடிப்பார். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது, "ஜூஜுவாடிக்குத்தானே போவுது?" என்பார். பாதி வழியில் இன்னொரு தடவை கேட்பார். அந்த பஸ் வேறெங்கும் போனதே கிடையாது.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து போன கான்ட்ராக்ட் கம்ப்யூட்டர் ஆள். கிழட்டு மெஷின் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்த, அதைவிடக் கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கச் சொன்னதே நான்தான். அதன் சாஃப்ட்வேரைப் புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக வைத்தேன். அதாவது, கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர்.

"உள்ள இன்னொன்னு இருக்குதா? எங்க, காட்டு."

"காட்ட முடியாதுண்ணே. கையில தொடுற மாதிரி இருக்காது."

"அய்யோ தேவ்ரே! இல்லாத கம்ப்யூட்டர வெச்சி இருக்கிற மெஷின ஓட்டப் போறியா?"

அவர் வாய் வைத்த நேரம், மெஷின் ஓடவில்லை. நாங்கள் அனுப்பும் தகவல் கேபிளில் ஒழுங்காகப் போகிறது. மெஷின் பதிலே பேசவில்லை. கேபிளை மாற்றினேன், எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டேன். ம்ஹூம். மேனேஜர் வந்து, "ரெண்டு மணி ஷிப்டுக்கு ஓடலேன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்திகிரியில் வீடு பிடித்து, மனைவியையும் கைக்குழந்தையையும் அப்போதுதான் அழைத்து வந்திருந்தேன்.

டவுட்டு அண்ணன் என்னையே முறைத்தபடி நின்றார்.

"பேசறது யாருன்னு இந்த மெஷின் எப்படிப்பா கண்டுபுடிக்குது?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற நெட்வொர்க் கார்டு நம்பர வச்சுண்ணே."

"புதுசுலயும் அதே நம்பரா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெஷினும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற முறை, அந்தக் காலத்து ப்ரோட்டோகால் அது. பழைய கார்டின் நம்பரைத் தவிர வேறு யார் பேசினாலும் காதில் வாங்காது. விர்ச்சுவல் மெஷின் தனக்கென்று புது நம்பர் போட்டுக்கொண்டிருந்தது. பழையதை நான் குறித்து வைக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரோ முந்தின வாரமே பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று அவரிடம் புலம்பினேன்.

"போவல" என்றார் அண்ணன். "உன் மேல டவுட்டு. எடுத்து ஒளிச்சி வெச்சிருக்கேன்."

ஸ்டோரில், பஞ்சு மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. கார்டில் அச்சடித்த நம்பரை அவர் மூன்று தடவை படித்தார். நான் தப்பாக அடித்துவிடுவேனாம். விர்ச்சுவல் மெஷினுக்கு அதே நம்பரைப் போட்ட மறுநிமிடம் ஃபேக்டரி மெஷின் ஓடியது.

மேனேஜர் வந்தார். "யார் தப்பு இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நான்தான் சார். டவுட்டுல ஒரு ஒயரப் புடுங்கிட்டேன்."

செய்யக்கூடிய ஆள்தான் என்பதால் மேனேஜர் நம்பிவிட்டார். திட்டு முழுவதையும் அண்ணன் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

"ஏண்ணே இப்படி?" என்றேன்.

"கைக்கொழந்த வெச்சிருக்கிறே. போய் வேலயப் பாரு."

ஒருத்தரையும் நம்பாத அந்த மனுஷன் அன்றைக்கும் பஸ்ஸில் ஏறும்போது, "ஜூஜுவாடிக்குத்தானே போவுது?" என்று கேட்டார்.