மரநாய் முடித்து வைத்த கல்யாணம்

விலங்கியல் படித்தவனுக்கு விலங்குகளைத் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நான் எம்.எஸ்ஸி. மரநாயைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன். பெயரில்தான் நாய், புனுகுப்பூனைக்குச் சொந்தம். பகலில் மரப்பொந்திலோ வீட்டுப் பரணிலோ சுருண்டு தூங்கும். இரவில் பழம் தின்னும், பனையேறிக் கள்ளும் குடிக்கும். வாலடியில் வாசனைச் சுரப்பி உண்டு. (படம் வரைந்து பாகமும் குறித்தேன்.) என்ன வாசனை என்று புத்தகம் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் பெரியப்பா என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனார். எனக்குச் சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பெண்ணைப் பார்த்து, காபி குடித்து, ஊர் திரும்பியதும் ‘இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவதாகத் திட்டம்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி, பலகாரத்தோடு சரி. சோற்றில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் வழியில் பஸ் படுத்துவிட்டதால் காலையிலிருந்து நான் பட்டினி. அந்த வீட்டிலோ அப்போதுதான் வடித்த சோற்றின் வாசனை கமகமவென்று வந்தது.

பெண்ணின் அப்பா மரியாதைக்குக் கேட்டார். “சாப்புட்டுப் போலாமுங்களே?”

“இருக்கட்டுங்க” என்பதுதான் வழக்கமான பதில். நான், “அதான் சோறு ஆயிருச்சு போலிருக்குதே, சாப்புட்டே போறனுங்க” என்றேன்.

பெரியப்பாவின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. பெண்ணின் அப்பா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் ஒலையே வெக்கலீங்களே, மாப்பிள்ளை.”

“வாசம் வருதுங்களே?”

அவர் பரணைக் காட்டினார். “அது மரநாயிங்க. அட்டாலி மேல படுத்திருக்குது. அதுகிட்டப் புதுச்சோத்து வாசம்தானுங்க அடிக்கும்.”

பெரியப்பா என் காதோரம் குனிந்தார். “நீ என்னத்தடா படிச்சே?”

தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுந்திருக்கலாம். வெட்கமும் பசியும் விடவில்லை. சோறு வெந்ததும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சென்னைக்குப் போகவில்லை. பக்கத்தில் சேலத்திலேயே கல்லூரி வேலை. கொஞ்ச காலம் வருத்தமாகத்தான் இருந்தது. விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லி, ஒரு மரநாய் என்னை மாட்டிவிட்டது என்று முடிப்பேன். ஒருமுறை என் மனைவி குறுக்கிட்டாள்.

“ஏனுங்க, அது மேல எதுக்குப் பழி போடறீங்க? எங்கம்மா என்ன பண்றதுன்னு தெரியாம நின்னாங்க. அரிசியக் கழுவி ஒலையில போட்டது நானுங்க.”

அன்றிலிருந்து கதையின் முடிவைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பிள்ளைகள் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.