பெரியவர் சூடாகட்டும்

செடிக்கு ஊற்றிய தண்ணீர் தொட்டியில் நிற்காமல், அடியில் இருந்த பெரியவரின் தலைக்குள் இறங்கிவிட்டது.

பெரியவர் என்பது மனிதர் இல்லை. கணக்கு டீச்சரின் கணவரான பல் டாக்டர் தன் கிதார் ஆம்ப்ளிஃபயருக்கு வைத்த பெயர். இடுப்புயரப் பெட்டி, உள்ளே சின்ன விளக்குகள் போல எரியும் பழைய காலத்து வால்வுகள். கல்யாணமான புதிதில், டீச்சர் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதன்மேல் செடி வைக்காதே என்று டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார். வெயில் அங்கேதானே விழுகிறது என்று டீச்சரும் வைத்து வைத்துப் பழகியிருந்தாள்.

பயந்துகொண்டே சுவிட்சைப் போட்டாள். 'டப்' என்றது. அவ்வளவுதான்.

டாக்டர் கிளினிக்கிலிருந்து திரும்புவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும். பெரியவருக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினார். டீச்சர், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் சொந்தக்காரிபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் இருமினார்.

"பொழைக்குமா?"

"உள்ள இருக்கறது போச்சு டீச்சர். பேசாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"ஐயோ, அவருக்கு மட்டும் தெரியவே கூடாது! இது மேல உயிரையே வெச்சிருக்காரு. மனுஷன் நொறுங்கிப் போயிடுவாரு. நீங்களும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"அடுத்தவங்க ரகசியத்தக் காப்பாத்தியே என் வயிறு ஊதிப் போச்சு," என்று முனகியபடி மெக்கானிக் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஜிட்டல் பெட்டியை எடுத்தார். "இது எந்த ஆம்ப்ளிஃபயர் மாதிரி வேணும்னாலும் பேசும். சுத்தமா பேசச் சொன்னா பேசும். லேசா கரகரக்கச் சொன்னா கரகரக்கும். ஹை கெயின்ல போட்டுட்டா தெருவே எழுந்து உட்காரும். உள்ள வெச்சு, வெளிய இருக்கற குமிழோட சேத்துடறேன்."

டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. வருகைப்பதிவு எடுக்கும் குரல், வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்கும் குரல், கடைசி பெஞ்சைப் பார்த்துக் கத்தும் குரல்.

"நடுவுல சொன்னீங்களே, அதுதான் அவருக்கு. மெதுவா மீட்டினா தெளிவா இருக்கணும், அழுத்தி மீட்டினா கொஞ்சம் உடையணும்."

"தெரியும் டீச்சர்."

"பின்னாடி, வால்வு எரியற மாதிரி மஞ்சளா ஒரு வெளிச்சம்..."

"அதுவும் உண்டு," என்றார் மெக்கானிக், காய்கறிக்காரர் கொசுறு கொடுப்பதுபோல.

மாலையில் டாக்டர் வந்தார். சுவிட்சைப் போட்டார். மஞ்சள் வெளிச்சம் கசிந்தது.

"பெரியவர் சூடாகட்டும்," என்று எப்போதும்போல் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி காத்திருந்தார். வால்வு என்றால்தான் சூடாக நேரம் பிடிக்கும்; உள்ளே இருந்த புதுசோ, போட்ட நொடியிலேயே தயார். வெறும் பெட்டிக்கு இப்படி மரியாதை கொடுக்கிறாரே என்று நினைத்தபடி டீச்சர் அவர் டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டாள்.

ஒரு ராகம் வாசித்தார். புருவம் சுருங்கியது.

"ஏம்மா, பெரியவர் குரல் இன்னிக்கு ஒரு மாதிரியா இல்ல?"

"சளி பிடிச்சிருக்கும்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு டீச்சர் சமையலறைக்குள் ஓடினாள்.

மறுநாள் மெக்கானிக்கிடம் முறையிட்டாள். அவர் வந்து, பெட்டியை டீச்சரின் போனோடு இணைத்துவிட்டுப் போனார். "இனிமே நீங்களே கூட்டிக் குறைச்சுக்கலாம். என்ன விட்டுடுங்க."

அன்று மாலை, அடுப்படியில் நின்றபடி டீச்சர் கரகரப்பைக் கொஞ்சம் கூட்டப் பார்த்தாள். மாவுக் கை வழுக்கியது. கூடத்தில், தாலாட்டு மாதிரி போய்க்கொண்டிருந்த பாட்டு திடீரென்று லாரி மோதியதுபோல் உறுமியது.

"என்னங்க ஆச்சு?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! கரண்ட்டு ஏத்த இறக்கம்!" என்றார் டாக்டர் அவசரமாக.

தான் சொல்ல வைத்திருந்த பொய்யை அவரே சொல்லிவிட்டாரே! கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே போனைச் சரிசெய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். தோளில் கிதார், கையில் மெக்கானிக் மாட்டிய அதே கம்பெனியின் அதே பெட்டி.

"மாமா, எத்தன நாளைக்கு இந்தப் பீரோவக் கட்டிக்கிட்டு அழுவீங்க? எல்லாமே இதுக்குள்ள இருக்கு."

"இருக்கும் மாப்ள. உயிர் இருக்குமா?" டாக்டர் பெரியவரைத் தட்டிக் கொடுத்தார். "இது உங்க அக்கா குடுத்தது. உள்ள நெருப்பு எரியுது. உன்னோடது கால்குலேட்டர்."

"சரி, நீங்க வாசிச்சுக்கிட்டே இருங்க. நானும் வாசிக்கறேன். யாரு ஜெயிக்கறாங்கன்னு அக்கா சொல்லட்டும்."

டாக்டர் கண்ணை மூடி மெல்ல மீட்டினார். தம்பி தன் போனில் ஹை கெயினைத் தொட்டான். அவன் பெட்டி அமைதியாக இருந்தது. பெரியவர் கர்ஜித்தார்.

தம்பி மறுபடி தொட்டான். கர்ஜனை நின்றது. தொட்டான். கர்ஜித்தார்.

"அக்கா, நான் இங்க தொட்டா அது ஏன் அங்க கத்துது? என் போன்ல ரெண்டு பெட்டி காட்டுதே?"

டீச்சர் தன் போனை முந்தானைக்குள் மறைத்தாள். அதற்குள் டாக்டர் பாய்ந்து பிளக்கையே பிடுங்கிவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பக்கத்து வீட்ல எவனாவது வெச்சிருப்பான் மாப்ள! பெரியவருக்கு வயசாச்சு, அப்பப்ப கத்துவாரு. விடு, சாப்பிடலாம் வா!"

அதற்குமேல் டீச்சரால் முடியவில்லை. இவ்வளவு கண்மூடித்தனமாக நம்புகிற மனிதரை ஏமாற்றுவதாவது! பால்கனிக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிடப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. தண்ணில நனைஞ்ச அந்த வால்வை எல்லாம் காய வெச்சு, எப்படியாவது திரும்ப மாட்டித் தர முடியுமா? அதுதான் நான் அவருக்குக் குடுத்தது."

மறுமுனையில் அதே நீண்ட இருமல்.

"எந்த வால்வு டீச்சர்? அது போன வருஷமே புகைஞ்சு போச்சு; 'அவ மொத சம்பளத்துல வாங்கினது, தெரிஞ்சா தாங்க மாட்டா'ன்னு டாக்டர் கண்ணத் தொடச்சுக்கிட்டே வந்து மாட்டச் சொன்ன டிஜிட்டல் பெட்டி மேலதான் நீங்க தண்ணி ஊத்தினீங்க."