வைத்தியக்காரிக்கு எத்தனை முறை?

“மாமா, அவன் சாகல. வைத்தியக்காரி எழுப்பிட்டா,” என்றபடி, மேஜையில் கவிழ்ந்து கிடந்த கட்டைவிரல் உயர ஈட்டிக்காரப் பொம்மையை மைத்துனன் நிமிர்த்தி வைத்தான்.

“அதைத்தான் போன சுற்றுலயே செஞ்சுட்டாளே!”

கண்ணாடிக்காரருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. அந்த ஒரு பொம்மை விழுந்தால் ஆட்டம் அவருடையது. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர், தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வைத்தியக்காரியின் அட்டையைப் படித்தார். ‘சிறப்புத் திறன்: விழுந்த தோழரை ஒரு முறை எழுப்பலாம்.’

“ஒரு முறைன்னா ஒரு முறைதான்.”

“சுற்றுக்கு ஒரு முறை, மாமா.”

“அப்படி எங்க போட்டிருக்கு? போனவங்க சும்மா சும்மா எழுந்து வருவாங்களா?”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

எதிர்ப்பக்கத்துப் படை, எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன அவர் மனைவியுடையது. பொம்மைகளுக்குப் புருவம் வரை வர்ணம் தீட்டியவள் அவள்தான். பாதியில் விட்டுப்போன ஆட்டத்தை அவள் தம்பி ஞாயிறுதோறும் வந்து தொடர்ந்தான். மற்ற நாட்களில் கண்ணாடிக்காரர் கடையிலிருந்து வந்தால் கதவைத் தாழிட்டுக்கொள்வார். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட மணியை அடித்து அடித்துத் திரும்பிப் போனார்கள்.

“பொம்மைக் கம்பெனிக்கே எழுதிக் கேக்குறேன் மாமா,” என்றான் மைத்துனன்.

அடுத்த ஞாயிறு அச்சடித்த தாளோடு வந்தான். ‘அன்புள்ள ஆட்டக்காரருக்கு, சுற்றுக்கு ஒரு முறை என்பதே சரி.’

ஈட்டிக்காரன் பிழைத்தான். ஆனால் வைத்தியக்காரி எவ்வளவு தூரத்தில் நின்று எழுப்பலாம்? மறுபடி கடிதம். இரண்டு விரல் அகலத்துக்குள் என்று பதில் வந்தது. கண்ணாடிக்காரர் கடையிலிருந்து, இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கும் அளவுகோலை எடுத்து வந்தார். அளந்து பார்த்தால் கடைசி மூன்று சுற்றுமே செல்லாது. பின்னோக்கிப் போகவேண்டியதாயிற்று. வில்லாளிகள் எங்கே நின்றார்கள் என்பது இருவருக்குமே நினைவில்லை.

“இந்தக் குன்றுக்குப் பின்னாடி!”

“இல்ல மாமா, ஆத்துக்கு அந்தப் பக்கம்!”

அதற்கும் ஒரு கடிதம். வந்த பதில் வில்லாளிகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. வைத்தியக்காரிக்கு எதிரணியில் உள்ள முரசுக்காரனுக்கும் எழுப்பும் திறன் உண்டு என்றது. முரசுக்காரன் கண்ணாடிக்காரருடைய ஆள். முதலில் அவருக்கு வாயெல்லாம் பல். இரண்டு சுற்றுக்குப் பிறகுதான் உறைத்தது.

“உன் ஆளும் சாகமாட்டான், என் ஆளும் சாகமாட்டான். இது போரா, கல்யாண வீடா?”

“எழுதிக் கேக்கட்டுமா மாமா?”

“நீ கிழிச்சது போதும்!”

இரண்டு நாள் பொறுத்தார். பொறுக்க முடியவில்லை. வீட்டில் படுத்தால் வைத்தியக்காரி கண்முன் வந்து நின்றாள். அவளுக்கு மனைவி தன்னுடைய சாயலையே வரைந்து வைத்திருந்தாள். அந்தப் பொம்மை எத்தனை பேரை வேண்டுமானாலும் எழுப்பிவிடுகிறது! இப்படி விதி எழுதுகிறவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும்.

புதன்கிழமை மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக மைத்துனன் வீட்டுப் படியேறினார். அவன் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உள்ள வாங்கண்ணே!”

“உட்கார வரலம்மா. அந்தப் பொம்மைக் கம்பெனி போன் நம்பரை எடுத்துக் கொடு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!”

அவள் அவர் கையிலிருந்த பதில் கடிதங்களைப் பார்த்தாள்.

“அந்தக் கம்பெனியை மூடி மூணு வருஷம் ஆச்சுண்ணே. ஞாயித்துக்கிழமையாவது நீங்க கதவைத் திறக்கணுமேன்னு, சனிக்கிழமை சனிக்கிழமை உங்க மச்சான்தான் உட்கார்ந்து பதில் எழுதறாரு.”