தொடாத தொப்பி

என்ன ஆனாலும் சரி, தொப்பி மேல் மட்டும் கை வைக்க விடுவதில்லை என்று சின்னமுத்துக் கங்காணி சபதம் எடுத்தார். வாய்விட்டு எடுக்கவில்லை, மனசுக்குள்தான் எடுத்தார். அவர் மனைவி சுருளியம்மாளுக்குக் காது ரொம்பக் கூர்மை.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அவர் ஒரு அதட்டல் போட்டால் போதும், கொழுந்து கிள்ளுகிற கைகளெல்லாம் பறக்கும். கூடைக்கு அடியில் முற்றின இலையை ஒளித்துக் கொண்டுவந்தால், எட்ட நின்று பார்த்தே சொல்லிவிடுவார். சந்தேகப்படுவதற்கென்றே தோட்டம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. சாயங்காலம் லயத்து வரிசையில் தன் வீட்டுக்குத் திரும்புகிறபோது அந்தச் சந்தேகத்தை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டா வருவார்? கூடவேதான் கொண்டுவருவார்.

வீட்டில் சந்தேகப்படக் காரணமும் இருந்தது. பழசு என்று ஒரு பொருளைக் கண்டால் சுருளியம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. கங்காணி கல்யாணத்துக்குக் கட்டின பட்டு வேட்டி தலையணை உறையாகிவிட்டது. மாமனார் எடுத்துக்கொடுத்த கம்பளி கால்மிதியாகி வாசலில் கிடக்கிறது. அதை மிதிக்கிறபோதெல்லாம் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி, அது வேறு விஷயம். ஒரு நாள் முழுக்கைச் சட்டையைக் காணோம் என்று வீட்டையே புரட்டினார். சட்டையின் முதுகு விளக்குச் சிமினி துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கை அடுப்பில் கஞ்சிப்பானையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இன்னொரு கை எங்கடி?”

“அதுல வத்தல் போட்டு வச்சிருக்கேன் மாமா. ஒரு முனைய மட்டும் தச்சேன், பையாயிருச்சு. ஒங்களுக்குத்தான் எம்புட்டு நீளமான கை!”

இப்படிப்பட்ட வீட்டில்தான் துரை தொப்பி குடியிருந்தது.

பெரிய துரை சீமைக்குக் கப்பலேறப் புறப்பட்ட அன்று, தன் தக்கைத் தொப்பியைக் கழற்றிச் சின்னமுத்துவின் தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டுப் போனார். பெட்டியில் இடமில்லாமல்தான் வைத்தார் என்று முத்துப்பேச்சி சொல்லுவாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி; வயிற்றெரிச்சல். போன மழையில் தொப்பி நனைந்து, ஓரமெல்லாம் உப்பிப்போயிற்று. கங்காணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. காயவைத்து, பசை காய்ச்சி, உள்பக்கம் முழுக்க மெழுகுத்துணியை மடிப்பு விழாமல் தானே ஒட்டினார். ‘இனி ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது’ என்று லயத்தில் வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தார். சுருளியம்மாளும் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். ‘நல்ல ஆழம்’ என்றாள்.

ஆழமாம். தொப்பியைப் பார்த்துச் சொல்லுகிற பேச்சா அது? சபதம் எடுத்தது அன்றைக்குத்தான்.

அந்த ஆவணியில், கம்பத்துப் பக்கம் கூடலூரில் இருக்கிற மாமனார் வீட்டிலிருந்து கல்யாணத் தாக்கல் வந்தது.

“தங்கச்சிக்கு முகூர்த்தம் வச்சாச்சு மாமா! மூத்த மாப்பிள்ளை வராம பந்தக்காலே ஊண்டக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாராம்.”

கங்காணிக்கு வயிற்றைப் புரட்டியது. கல்யாணத்தை நினைத்து இல்லை, ரோட்டை நினைத்து.

குமுளியிலிருந்து கம்பம் பக்கம் இறங்குகிற மலைரோடு இருக்கிறதே, அது அவருக்கு ஆகாது. கல்யாணமான புதுசில், மறுவீட்டு விருந்து முடிந்து புதுப்பெண்ணோடு பஸ்ஸில் ஏறி வந்தார். முன் சீட்டில் ஒரு ஏலக்காய் வியாபாரி வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வளைவு திரும்பியது. அப்புறம் அது வெள்ளைச் சட்டை இல்லை. மலையையே அதட்டுகிற கங்காணிக்கு மலைரோடு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் தோட்டத்தில் ஒருத்தியாவது மதிப்பாளா? அதனால் பழியைத் தூக்கி மாமியார் சுட்ட வடை மேல் போட்டார். ஊசின வடை என்றார். எண்ணெய் சரியில்லை என்றார். அந்தப் பேச்சு கூடலூர் வரைக்கும் போய், பாவம் அந்தம்மா அன்றோடு விருந்தாளிகளுக்கு வடை சுடுவதையே விட்டுவிட்டாள். சுருளியம்மாள் இதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நம்பிவிட்டாள் என்று கங்காணி நினைத்துக்கொண்டிருந்தார்.

“போலாம்தான்” என்று இழுத்தார். “துணிமணி வச்சு எடுத்துட்டுப் போக ஒரு நல்ல பை இருக்கா நம்ம வீட்டுல? கையில மூட்டையத் தூக்கிட்டா மூத்த மாப்பிள்ளை போவான்?”

“அதுவும் சரிதான்” என்றாள் சுருளியம்மாள். அவ்வளவுதான் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளே அவருடைய பழைய காக்கி டவுசரைக் காணோம். கங்காணி உஷாரானார். தொப்பியைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிட வந்தவர் வாசலில் நின்று காதைத் தீட்டினார். உள்ளே முத்துப்பேச்சியின் குரல்.

“காலு ரெண்டையும் தொடையோட வெட்டியாச்சு. அடுத்து?”

“இடுப்பை இழுத்துத் தைச்சிரு” என்றாள் சுருளியம்மாள்.

“ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா?”

“தெரியட்டுமே. தூக்கிட்டுப் போகப்போறதே அவருதான?”

கங்காணி குனிந்து தன் கால்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். இரண்டும் இருந்தன.

சாயங்காலம் பை தயாராக ஆணியில் தொங்கியது. காக்கிப் பை. “ஒங்க டவுசர்தான் மாமா. இடுப்புதான் வாயி. வெத்தலை வைக்கப் பாக்கெட்டுகூட இருக்கு, பாருங்க.”

“பை கெடக்கட்டும். இந்த மழையில குடை இல்லாம எப்படிப் போக? நம்ம குடை வெறுங் கம்பியால்ல நிக்கிது?”

ரெண்டு நாளில் கம்பிக்கு உடம்பு வந்துவிட்டது. சுருளியம்மாளின் பழைய கறுப்புச் சீலை. சிவப்புக் கரை குடையைச் சுற்றி வளைந்து வந்திருந்தது. விரித்தால் திருவிழாச் சப்பரம் தோற்கும்.

“குடைக்குப் போட்டாச்சு. எனக்கு? போட்டுக்க நல்ல சட்டை ஒன்னு இருக்கா எனக்கு? எல்லாத்தையும் நீதான் அறுத்துப்புட்டியே!”

சட்டையும் வந்தது. கங்காணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் துணியில் பச்சைக்கொடி. எங்கேயோ பார்த்த கொடி.

“அடியே, இது பங்களா ஜன்னல்ல தொங்குன திரையில்ல?”

“பழசுன்னு சமையக்காரரு குடுத்தாரு. துரை வீட்டுத் துணி மாமா! ஒங்க தொப்பிக்கு ஜோடி.”

அது என்னவோ கங்காணிக்குப் பிடித்துப்போயிற்று. போட்டுப் பார்த்தார். ஜன்னல் ஓரம் நின்று பார்த்தார். உடனே சுதாரித்துக்கொண்டார். பேச்சுவாக்கில் தொப்பிக்கு வந்துவிட்டாளே! அதை ஏன் இழுக்கிறாள்? பையும் குடையும் சட்டையும் செய்து என்னை ஊருக்குக் கிளப்புவதெல்லாம் பெட்டியைத் திறக்கத்தானோ?

கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “எல்லாஞ் சரி. ஆபீசு ரைட்டர் அவதி தரமாட்டாரு. கொழுந்து சீசன்.”

தோட்டத்து ஆபீசில் எல்லாம் மலையாளப் பேச்சு. மலையாளத்தில் அவதி என்றால் லீவு. நாள்பட இருந்த தமிழர்களும் லீவை அவதி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

“அதுக்கென்ன, நானே போயி ரைட்டர்கிட்டக் கேட்டுட்டேன். கேட்ட ஒடனே குடுத்துட்டாரு. ‘கங்காணிக்கு நல்ல அவதி தந்திட்டுண்டு’ன்னாரு மாமா.”

நல்ல அவதி! தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்பது ஒரு கணம் கங்காணிக்கு ஞாபகம் வந்து போயிற்று.

“நீ பெரிய ஆளுடி” என்றார் வேறு வழி தெரியாமல்.

“இந்த வீட்டுல பழைய சாக்கு எதையுமே நான் வீணாக்கினதில்ல மாமா. தேயிலைச் சாக்கா இருந்தாலும் சரி, நீங்க சொல்ற சாக்கா இருந்தாலும் சரி. எல்லாத்தையும் பிரிச்சு, தச்சு, உருப்படியா ஆக்கிருவேன்.”

கங்காணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “உண்மையச் சொல்லு. என் தொப்பிய என்ன பண்றதா இருக்கே? கோழிக் கூடா? மொறமா? உப்புச் சட்டியா?”

சுருளியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தாடி! சுருளியாண்டவர் சத்தியமா நான் அதைத் தொடமாட்டேன். அது என்னவா ஆகணும்னு இருக்கோ, அது ஒங்க கையாலதான் ஆகும்.”

சத்தியம் செய்கிறவளை நம்பலாம். சிரித்துக்கொண்டே சத்தியம் செய்கிறவளை எப்படி நம்புவது?

புறப்படுகிற அன்று காலையில் அவள் போகிறபோக்கில் சொன்னாள். “வீட்டுச் சாவிய முத்துப்பேச்சிகிட்டக் குடுத்திருக்கேன். கோழிக்கு அவதான் தீனி வைக்கணும். கறுப்புக்கோழி வேற அடையில ஒக்காரப்போவுது. உக்காரத் தோதா ஏதாச்சும் வட்டமா கெடைக்குதான்னு பாக்குறேன்னா.”

வட்டமா! தகரப்பெட்டிப் பூட்டு முத்துப்பேச்சிக்கு எந்த மூலை? கங்காணியின் கண்ணுக்குள் கறுப்புக்கோழி துரை தொப்பியில் உட்கார்ந்து கண்ணை மூடியது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, தொப்பியை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பெண்டாட்டி போட்ட திட்டத்தை முறியடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

அன்றைக்கு அவர் முன்னெச்சரிக்கையாக இருந்தார். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கேட்டதற்கு, விரதம் என்றார். “இன்னைக்கு என்ன விரதம்?” என்று சுருளியம்மாள் கேட்கவில்லை. குமுளியில் பஸ் மாறும்போது அவள் மட்டும் ஒரு டீ குடித்தாள். கம்பம் பஸ்ஸில் முந்திக்கொண்டு ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். “எனக்குக் காத்து வேணும் மாமா. நீங்க மலையில கெடக்குற ஆம்பளை, ஒங்களுக்கு என்ன?”

பஸ் இறங்கத் தொடங்கியது. மலை இந்தப் பக்கம் வந்தது. பிறகு அந்தப் பக்கம் போனது. பாறை நேராக வந்து, சீச்சீ என்று விலகியது. கங்காணி தொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் அவர் போட்டிருந்த சட்டையின் நிறத்துக்கு வந்தது. முதலில் மஞ்சள், அப்புறம் பச்சை.

“என்ன மாமா, பேச்சே காணோம்?”

“ம்.”

“அங்க பாருங்க, அடியில எங்கூரு வயக்காடெல்லாம் தெரியுது. குனிஞ்சு பாருங்க.”

குனிந்தார். குனிந்திருக்கக் கூடாது.

ஜன்னலில் அவள் இருந்தாள். காக்கிப் பையைப் பார்த்தார். உள்ளே மணப்பெண்ணுக்கு எடுத்த சீலை. சுருளியம்மாள் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டைப் பார்த்தார். ஐயோ, அங்கேயும் ஒரு வெள்ளைச் சட்டை! பஸ் ஒரு பெரிய வளைவில் தலையைச் சாய்த்துத் திரும்பியது. சின்னமுத்துக் கங்காணி தொப்பியைத் திருப்பினார்.

வெறும் வயிறுதான். ஆனாலும் வயிறு தன்னிடம் இருந்ததை எல்லாம் தேடிப்பிடித்துக் கொடுத்தது. மெழுகுத்துணியும் வாக்குத் தவறவில்லை. ஒரு சொட்டு இறங்கவில்லை.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, “பெரியவரே, நல்ல பாத்திரமாக் கொண்டுவந்தீரு” என்றார்.

“பாத்தீகளா, நான் தொடலை” என்றாள் சுருளியம்மாள், மெதுவாக.

கங்காணிக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தொப்பிக்காகத்தான். இருந்தாலும் விடுவாரா? “காலையில என்னமோ சாப்பிட்டது ஒத்துக்கல போல...” என்று ஆரம்பித்தார்.

“விரதம்னீகளே?”

“இல்ல... எண்ணெய்ப் பலகாரம் ஏதாச்சும்...”

“எங்கம்மா இன்னும் வடையே சுடலியே மாமா.”

பின் சீட்டில் ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்தாள். கங்காணிக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு வருஷமும் தெரிந்தேதான் சும்மா இருந்திருக்கிறாள், படுபாவி!

“கல்யாண வீட்டுக்கு இன்னைக்கு எங்கம்மா கையால வடை போடச் சொல்லப்போறேன்” என்றாள். “மொத வடைய நீங்க தின்னணும். தின்னுட்டு, அத்தனை பேரு முன்னாலயும் நல்லாருக்குன்னு சொல்லணும். சொல்லுவீகளா?”

“சொல்றேன்.”

“சத்தமா?”

“சத்தமாத்தான் சொல்றேன் தாயி.”

மலையடிவாரத்தில் பஸ் நின்றது. கங்காணி தொப்பியைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி இறங்கினார். துரை கொடுத்த தொப்பி. வேறு யார் தொட்டும் கெடாத தொப்பி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓடைப் பள்ளத்தில் வீசக் கையை ஓங்கினார். பின்னாலிருந்து ஒரு கை அவர் கையைப் பிடித்தது.

“தூரப் போட்டுறாதீக மாமா. ஓடையில அலசி வச்சுக்கங்க. திரும்பி வரையில இதே மலைய ஏறணும்ல?”