'கேள்' பக்கம் மாட்டிக்கொண்ட சுவிட்ச்

சுவிட்ச் மாட்டிக்கொண்டது. 'பேசு' என்ற பக்கம் தள்ளினால் போக மறுத்தது. 'கேள்' என்ற பக்கத்திலேயே அடம்பிடித்து நின்றது. வால்வு சார் நகத்தால் நெம்பிப் பார்த்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்த்தார். கடைசியில், "நகர்ந்து தொலையேன்!" என்று திட்டியும் பார்த்தார். அது அசைவதாக இல்லை.

அலுவலகத்தில் அவருக்கு இந்தப் பெயர் வந்து பல வருஷம் ஆகிறது. யார் புதிதாக எது வாங்கினாலும், "என்ன இருந்தாலும் வால்வு செட் மாதிரி வருமா சார்?" என்று ஆரம்பித்துவிடுவார். வீட்டில் மாடியறை முழுக்க அவர் பொறுக்கிச் சேர்த்த பழைய சாமான்கள்தான். கண்ணாடிக் குழல் வைத்த வால்வு ரேடியோக்கள், ஸ்பூல் டேப் ரெக்கார்டர், மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டி.வி., தொட்டால் ஷாக் அடிக்கும் ஆம்ப்ளிஃபயர். பாதி ஓடும். மீதி, அவர் வாக்குப்படி, அடுத்த வாரம் ஓடும்.

அந்த அறையைத்தான் மனைவி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு இறுதிப் பரீட்சை நெருங்குகிறது. ஹாலில் டி.வி. சத்தம், சமையலறையில் மிக்சி சத்தம். பிள்ளை வாஷிங் மெஷின் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றபடி படித்தது. மெஷின் துணி பிழிய ஆரம்பித்தால் வேதியியல் மொத்தமும் கிடுகிடுவென்று ஆடும்.

"அடுத்த மாசம் ஒழிச்சுத் தர்றேன்" என்பார் வால்வு சார். கூடவே, "அதுக்குள்ள எவனாவது ஒரு திருகாணியத் தொட்டான்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

இப்போது அவர் மல்லுக்கு நின்றது ஒரு பழைய இன்டர்காமோடு. அலுவலகத்தில் வேண்டாம் என்று கழித்துப் போட்டதை, பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பெட்டிகள். ஒன்று மாடியில் அவர் மேசைமீது. மற்றது கீழே சமையலறை அலமாரிமீது. காய்ந்துபோன கண்டென்சரை மாற்றி, விட்டுப்போன இடங்களில் ஈயம் வைத்து, படி வழியாக ஒயர் இழுத்து முடித்தபோது அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இந்த மாதிரிப் பெட்டியில் ஸ்பீக்கரே மைக்காகவும் வேலை செய்யும். சுவிட்ச் 'கேள்' பக்கம் நின்றால் சமையலறையில் பேசுவதெல்லாம் மாடிக்கு வந்துவிடும்.

அன்று காலை முதலில் வந்த பேச்சும் அப்படித்தான். மனைவி பால்காரரோடு மல்லுக்கட்டியது ஒரு சொல் விடாமல் மாடியில் ஒலித்தது. வால்வு சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். கேட்டதை மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தபோது நாக்கு சும்மா இருக்கவில்லை.

"பால்ல தண்ணி கலக்குறாருன்னா நேராச் சொல்லேன். 'உங்க மாடு நீச்சல் பழகுதா'ன்னு எதுக்குக் குத்தலாக் கேக்குற?"

மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். "நீங்க மாடியில இல்ல இருந்தீங்க?"

"நீ கத்தின கத்துல தெருவுக்கே கேட்டிருக்கும்."

மனைவி தன் அம்மாவைப் பார்த்தாள். மாமியார் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதிகம் பேசியதில்லை. வால்வு சார் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் சுவிட்சைப் பிரித்துச் சரிசெய்திருக்கலாம். ஆனால் ஒட்டுக்கேட்பதில் ஒரு ருசி இருக்கிறதே! கொஞ்சம் கேட்டுவிட்டுப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து இதுவரை கேட்காத ஒரு கரகரப்பான குரல் வந்தது.

"மொத்தம் எத்தனை உருப்படிம்மா இருக்கும்?"

"மெதுவாப் பேசுங்க" என்றது மனைவியின் குரல். "அவரு மேலதான் இருக்காரு."

"நான் பழைய சாமான் எடுக்கிறதுல பழம் தின்னு கொட்டை போட்டவன்மா. முழு ரேடியோவத் தூக்கினா இடுப்பு போயிடும். சுத்தியால ஓங்கி ஒரு போடு. செம்பு தனி, இரும்பு தனி. மூட்டை கட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்."

வால்வு சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்த நிலையிலும், "அடடா, என்ன துல்லியம்! பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறதே" என்று தன் வேலையை ஒரு கணம் மெச்சிக்கொண்டார். பிறகுதான் படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். பின்கதவு திறந்து கிடந்தது.

"யாரு வந்தது?"

"யாரும் வரலையே. ஏன், யாரையாவது வரச் சொல்லியிருந்தீங்களா?"

கூசாமல் பொய் சொல்கிறாள்! எத்தனை வருஷக் குடித்தனம்! ஆனால் என்ன கேட்பது? குரலைக் கேட்டேன் என்றால், எப்படிக் கேட்டீர்கள் என்பாள். பால்காரர் விஷயத்திலிருந்து எல்லாம் வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு மாடிக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து அவருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். மனைவி சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள்? சிரிக்காவிட்டால், எதை மறைக்கிறாள்? மாடியறைக் கதவிடுக்கில் ஒரு டேப் துண்டை ஒட்டிவைத்துவிட்டு அலுவலகம் போனார். திரும்பி வந்தபோது அது விழுந்து கிடந்தது. காற்றில் விழுந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, இருப்பதிலேயே உசத்தியான ரேடியோக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வையைத் தொங்கவிட்டு மறைத்தார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மனசு லேசாயிற்று.

மறுநாள் மாலை மீண்டும் அந்தக் குரல்.

"கட்டிலுக்கு அடியில வச்சுட்டாரா? நல்லதாப் போச்சு தாயி! நான் மாடி ஏற வேண்டியதில்ல பாரு."

"அவரு ஆபீஸ் போனதும் வாங்க" என்றாள் மனைவி.

வால்வு சார் மறுநாள் அலுவலகம் போகவில்லை. வயிற்று வலி என்று லீவு சொன்னார். பொய்கூட இல்லை, உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. அவர் வீட்டில் இருக்கும்வரை குரல்காரன் வரமாட்டான். ஆனால் ஆயுசுக்கும் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர் இருந்தார். காரை விற்றுவிட்டதால் அவருடைய கார் ஷெட் காலி. வால்வு சார் போய்க் கெஞ்சினார்.

"தாராளமா வைங்க சார்" என்றார் டாக்டர். ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தூக்க ஒரு கையும் கொடுத்தார். "அப்பா, என்ன வெயிட்டு! உள்ள அத்தனையும் செம்பா?"

வால்வு சார் சட்டென்று நின்றார். "செம்புன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"சும்மா கேட்டேன் சார்!"

பல்லைப் பிடுங்குகிறவருக்குச் செம்பைப் பற்றி என்ன கவலை? ஆனாலும் வேறு வழியில்லை. கட்டிலடியில் இருந்தது, மாடியில் இருந்தது என்று பாதிச் சாமானை ஷெட்டுக்கு மாற்றி, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். மாடியில் பெட்டியின் முன் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பல் டாக்டர் ஷெட்டா?" கரகரத்த குரல் கெக்கலி கொட்டியது. "நமக்கு வேண்டிய மனுஷன்தாம்மா அவரு! அவரோட பழைய நாற்காலிய நான்தான் எடுத்தேன். சாவிகூட வேணாம். 'டாக்டர், நான்தான்'னு சொன்னாப் போதும்."

தலையில் இடி விழுந்தது வால்வு சாருக்கு. மனைவி, டாக்டர் எல்லாரும் ஒரே கூட்டு! இந்த வீட்டில் தனக்கென்று ஒரு ஆள் உண்டா? யோசித்துப் பார்த்ததில், சூதுவாது தெரியாத ஒரே ஜீவன் மாமியார்தான் என்று தோன்றியது. அவர் கொல்லைப்புறத்தில் தனியாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் கேட்டதா உங்க பொண்ணுகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"பழைய சாமான்காரன் எவனாவது வர்றானா இங்க?"

மாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார். "வர்றான் மாப்பிள்ளை. குள்ளமா, தொப்பி வச்சுக்கிட்டு. நீங்க படியில இறங்குற சத்தம் கேட்டதும் பின்பக்கமா ஓடிடுறான். நான் என்னத்தச் சொல்ல? பொண்ணக் கொடுத்த இடம். வாயைத் திறந்தா எனக்குத்தான் பொல்லாப்பு."

வால்வு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருத்தராவது உண்மையைச் சொன்னீங்களே, அத்தை! இனிமே அவன் வந்தா எனக்கு ஒரு வார்த்தை காதுல போடுங்க."

"கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்கிறேன் மாப்பிள்ளை" என்ற மாமியார், தயங்கித் தயங்கி, "எனக்கு ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் ஒண்ணு தோணுது. அந்தத் தொழிற்பள்ளி வாத்தியார் வருஷா வருஷம் வந்து, 'பசங்க பழகறதுக்குப் பழைய செட்டு கொடுங்க'ன்னு கேப்பாரே. அங்க கொடுத்துட்டா, பூட்டு, வாட்ச்மேன் எல்லாம் இருக்கு. எந்தக் கொம்பன் உள்ள போவான்? நான் சொன்னதா யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

வால்வு சார் அந்த வாத்தியாரை ஒவ்வொரு முறையும் வாசலோடு திருப்பி அனுப்பியவர். பசங்க கையில் கொடுப்பதா, திருகாணியின் மரையைக் கழற்றிவிடுவார்களே என்று பதறியவர். இப்போது சுத்தியலை நினைத்துப் பார்த்தார். மரை கழன்ற திருகாணி தேவலை என்று ஆகிவிட்டது. அன்றைக்கே வாத்தியாருக்குப் போன் போட்டார்.

வேன் வந்தது. ஷெட்டிலிருந்தும் மாடியிலிருந்தும் சாமான்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றையும் வால்வு சார் தன் கையால் துணி சுற்றிக் கொடுத்தார்.

"இது சூடாக ரெண்டு நிமிஷம் பிடிக்கும், அவசரப்பட்டு அடிக்கக் கூடாது. அந்த டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் புதுசு, வேகமாச் சுத்தக் கூடாது. இந்த டி.வி.க்குக் கதவை மெதுவாச் சாத்தணும் சார், மெதுவா."

"பொண்ணக் கட்டிக் கொடுக்கிற மாதிரி சொல்றீங்களே!" என்று வாத்தியார் சிரித்தார். "நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம் சார். பசங்க இவ்வளவு நல்ல செட்ட எங்க பாத்திருக்காங்க?"

வால்வு சாருக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும்விட அதிகம் உழைத்துச் சரிசெய்த முதல் ரேடியோவைக் கொடுக்கும்போது துணியை இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினார். அழுதுவிடுவோமோ என்று பயந்தார். மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, எல்லாத்தையும் அனுப்புறீங்க?" என்றாள் மனைவி வாசலில் நின்றபடி.

"ஏன், உனக்கு ஏமாத்தமா இருக்கா?"

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. திட்டம் பாழானதில் அழுகிறாள், அழட்டும் என்று வால்வு சார் நினைத்துக்கொண்டார்.

வேன் தெருமுனை திரும்பிய பிறகு மாடிக்குப் போனார். அறை வெறிச்சென்று கிடந்தது. இத்தனை பெரிய அறையா இது? ஜன்னல் ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. சுவர் ஓரமாகத் தூசி, அவருடைய மேசை, மேசைமீது அந்த இன்டர்காம் பெட்டி மட்டும். துக்கம் ஒருபக்கம் இருந்தாலும் உள்ளூர ஒரு கெத்து வந்தது. யாரிடம் விளையாடுகிறார்கள்? ஒரு கைப்பிடிச் செம்புகூடக் கிடைக்கவில்லையே அந்தக் குள்ளனுக்கு! அவன் வந்து ஏமாந்து புலம்புவதைத் தன் காதால் கேட்டே ஆகவேண்டும் என்று நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கீழே ஏதோ கசமுசா என்று பேச்சு. பிறகு யாரோ பெட்டிக்குக் கிட்ட வரும் சத்தம். வால்வு சார் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்தார்.

அதே கரகரப்பான குரல் கணீரென்று வந்தது:

"மாப்பிள்ளை, ரூம் காலியாயிடுச்சுல்ல? இந்தக் குரல்ல பேசிப் பேசி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. பேத்தியப் புத்தகத்தத் தூக்கிட்டு மேல வரச் சொல்லவா?"