பிளாக்போர்டும் பல்வலியும்

எனக்கு இதுவரை ஒருமுறைகூடப் பல் வலித்ததில்லை. ஆரணியில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி. பி.எட். முடித்த கையோடு ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. கூட்டுச் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் எங்கே என்று கேட்பார்களாம். மோவாய்க்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொன்னால், மோவாய் எத்தனை முறை இடிக்கிறதோ அத்தனை அசை. 'பிளாக்போர்ட்' இரண்டு அசை, அழுத்தம் 'பிளாக்'கில். என் மோவாயோ நான்கு முறை இடித்தது. பி-ளாக்-போர்-டு! (தமிழ் வாய், அது என்ன செய்யும்?)

வேலை கிடைக்காவிட்டால் உடனே கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில், தேவிகாபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் கண்ணை மூடி, மோவாயைப் பிடித்தபடி சொற்களை அசை அசையாக முனகிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் ஓர் அம்மாள்.

"இன்னாம்மா, அப்பலேர்ந்து தாடைய புடிச்சிகினு மொனகிகினே வர்ற? பல்லு வலியா?"

இன்டர்வியூ என்று சொல்ல வெட்கம். தலையை எப்படியோ ஆட்டினேன். அது 'ஆமாம்' ஆகிவிட்டது.

"எனக்கும் கடவாப்பல்லு பேஜார் பண்ணிகினு கீது. ஜல்தி வாயத் தொற!"

கிராம்புத் தைலத்தில் தோய்த்த பஞ்சு கன்னத்துக்குள் போயிற்று. துப்பலாமென்றால் ஜன்னலோரம் அவர்தான்!

பள்ளிக்கு வந்ததும் பஞ்சைத் துப்பினேன். வாய் மரத்துப்போய், நாக்கு இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

"'பட்டர்ஃப்ளை' சொல்லுங்க. ஸ்ட்ரெஸ் எங்க வரும்?" என்றார் தலைமையாசிரியை.

மூன்று அசை, முதலாவதில் அழுத்தம். தெரியும்! கையை மோவாய்க்குக் கொடுத்தேன். "பத்தப்பை" என்றேன். எச்சில் முழங்கைவரை வழிந்தது.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"இய்யே மேயம்."

பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அதில் பாதி என் வாயிலிருந்து அவர் மேஜையிலேயே கொட்டியது. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அப்பா சொன்னதைச் செய்தார். பெண் பார்க்க வந்தவர்கள் ஆரணி நெசவுக் குடும்பம். பஸ்ஸில் வந்த அந்த அம்மாளுக்கு உறவாம்! என் பல்லின் கதை எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. காபியைக் கொடுத்ததும், மாப்பிள்ளையின் அம்மா என்னை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போனார்.

"கோச்சிக்காதம்மா, வாயக் கொஞ்சம் தொற."

நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "அல்லாம் கீதுடா!"

அவர்தான் என் மாமியார். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர், "எங்கம்மா பல்ல எண்ணிப் பாத்து எடுத்தாங்க" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்.

ஒரு பல் குறைந்திருந்தால் தப்பித்திருப்பேன்.