பக்கத்து வீட்டுப் புல்தரையில் ஒரு பலகை

மினியாபோலிஸ்,
ஜூலை 2020

அன்புள்ள தங்கை எர்லீனுக்கு,

உன் அண்ணன் ஹோரஸ் எழுதுவது. மிசிசிப்பியில் நீயும் மாப்பிள்ளையும் உன் முழங்கால்களும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். நான் சுகமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் சரியில்லை.

பெயர் கோல்பி. தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன். குடிவந்த அன்றே வாழைப்பழ ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தான். காரணமில்லாமல் ரொட்டி கொடுப்பவனை நான் நம்புவதில்லை. சாப்பிட்டேன், அது வேறு விஷயம். போன வாரம் அவன் புல்தரையில் 'போலீஸ் நிதியை நிறுத்து' என்று ஒரு பலகை நட்டான், சரியாக என் சமையலறை ஜன்னலைப் பார்த்து. இந்தத் தெருவில் போலீஸ் வேலை பார்ப்பது யார்? என் மகள் ரெனிட்டா ஒருத்திதானே. ஒரு கறுப்பினப் பெண் அந்தச் சீருடையைப் போட எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினாள் என்று உனக்கே தெரியும். அவள் வேலைக்கு உலை வைக்கிறான் என்று புரிந்துகொண்டேன். விடுவேனா, போலீசுக்கு ஆதரவான, நீலக் கோடு போட்ட கொடியை வாங்கி என் வாசலில் நட்டேன். என் மகள் போலீஸ், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஆனால் கண்ட வெள்ளைக்கார லாரிக்காரனெல்லாம் ஹாரன் அடித்துக் கட்டைவிரலைக் காட்டுகிறான். நானும் கையசைத்தால், என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை விரட்டுகிறான். சர்ச்சிலிருந்து டீக்கன் லூஷியஸ் பீச் பழப் பையோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நம்ம கறுப்புப் புள்ளைங்க போலீஸ் கையால தெருவுல சாகுதுங்க. நீ யாரு பக்கம் ஹோரஸ்?"

"எம் மக பக்கம்."

"அதை எழுதி வைக்க வேண்டியதுதானே?"

பையைக் கொடுக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாம் கோல்பியால் வந்தது என்று நேரே போய்க் கேட்டேன்.

"எம் மக வேலையப் புடுங்கத்தானே தம்பி இது?"

"இல்ல சார். புத்தி தடுமாறினவங்ககிட்ட போலீசுக்குப் பதிலா நர்ஸை அனுப்பணும், கொஞ்சம் காசை அதுக்குக் குடுங்கன்னுதான் சார்."

"அதை எழுத வேண்டியதுதானே?"

"பலகையில இடம் பத்தல சார்."

பலகை கதவளவு இருக்கிறது. யார் கொடுத்தது என்றால் செருப்பைப் பார்க்கிறான். பின்னால் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது, எர்லீன். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. கர்த்தர் உங்களை எல்லாத் தீங்கிலிருந்தும், முக்கியமாக அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் காப்பாராக.

உன் அண்ணன்,
ஹோரஸ்

பி.கு.: ரெனிட்டா வந்து என் கொடியைப் பிடுங்கிப் போட்டாள். கோல்பிக்குப் பலகை கொடுத்ததே அவள்தானாம். சீருடை போட்டவள் தன் கையால் அதை வைக்கக் கூடாதாம். "அப்பா, மனநோய் மாத்திரைய நிறுத்திட்ட ஒரு பெரியவரு, கையில சமையல் கத்தி. உங்க வயசு. நான் துப்பாக்கிய நீட்டிட்டு நிக்கிறேன். கத்தியக் கீழ போட்டாரு, பொழச்சோம். இனிமே அப்படி என்னை அனுப்பாதீங்கன்னுதான் கேக்கிறேன்" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. கோல்பியிடம் கேட்டு அந்தப் பலகையை என் வாசலிலேயே நட்டுவிட்டேன். இன்று காலை டீக்கன் அதைப் படித்துவிட்டுச் சொல்கிறார்: "பெத்த மக பொழப்புலயே மண்ணப் போடுறியே, ஹோரஸ்."